கோட்டை பார்க்கப் போகாத நாற்பது பேர்

எங்கள் சந்துக்காரர்கள் டூருக்குத் திட்டம் போடும் அழகைப் பார்த்தால் யாருக்கும் டூர் மேலேயே வெறுப்பு வந்துவிடும். எங்கே போகிறோம் என்று முடிவாவதற்கு முன்பே புளிசோறா தக்காளிச்சோறா என்று ஒரு சண்டை நடந்து ஓய்ந்திருக்கும். வண்டியில் ஜன்னலோரம் யாருக்கு, வாந்தி எடுப்பவர்களை எங்கே உட்காரவைப்பது, பெண்களெல்லாம் என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்று மூன்று கூட்டம் போடுவார்கள். போகிற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இந்தச் சந்தோடு ஐம்பது வருஷப் பழக்கம். பழகப் பழக மரியாதை குறைந்ததே தவிர கூடவில்லை.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், இஞ்சிக் கிடங்குக்கும் அரிசி மண்டிக்கும் நடுவில் புகுந்தால் எங்கள் சந்து. தமிழ்க் குடும்பங்கள் பதினைந்து இருக்கும். சிலருடைய தாத்தாக்கள் முனிசிபாலிட்டியில் தெருக்கூட்ட வந்தவர்கள். சிலர் நேற்று ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். நான் முதல் வகை. தாத்தா பிடித்த துடைப்பத்தை அப்பாவும் பிடித்தார், எனக்குப் பேனா கிடைத்தது. கார்ப்பரேஷன் ஆபீசில் கிளார்க். வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கையெழுத்து விட்டுப்போன விண்ணப்பத்தை, மூன்றாவது தடவையாக வந்து நிற்கிற ஆளிடம் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் வரும். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பிறத்தியார் பிழையைக் கண்டுபிடித்தால்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும்.

பதினைந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு சங்கம் உண்டு. பொங்கலுக்குப் பானை வைப்பது, யாராவது செத்தால் பந்தல் போடுவது, ஓண லீவில் ஒரு நாள் டூர் போவது, இவ்வளவுதான் சங்கத்தின் வேலை. இதற்கு ஒரு தலைவர். அறுபது வயது மனிதர். பஜாரில் பெட்டி ஓட்டோ ஓட்டுகிறார். பின்னால் சரக்குப் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியில் மண்டியிலிருந்து கடைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போடுவார். எங்கள் சந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கும்படியாக அவரிடம் ஒன்றும் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எதைச் சொன்னாலும் "குழப்பமில்ல, ஷரியாக்கலாம்" என்பார். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அதே பதில், சாவு விழுந்தாலும் அதே பதில். இப்படிப்பட்ட ஒருவரைத் தலைவராக்கிய பதினைந்து குடும்பத்தைப் பற்றி நான் என்ன நினைத்திருப்பேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் ஓணத்துக்கு முந்தைய கூட்டத்தில், வழக்கமான அருவி, வழக்கமான கோவில் எல்லாம் பேசி முடிந்ததும், என் பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நாற்பத்து மூன்று வயது. புருஷன் இறந்து ஆறு வருஷம். ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஹோம்ஸ்டே ஒன்றில் ரூம் சுத்தம் செய்கிறாள். ஒரே மகள், அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட்டங்களில் சாயா ஊற்றிக் கொடுப்பாளே தவிர பேசிப் பார்த்ததில்லை. அன்றைக்கு போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு யூடியூப்காரன் எடுத்தது. 'கோட்டைகள் நிறைந்த கிராமம்' என்று தலைப்பு. காரைக்குடிப் பக்கம் தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள் நிற்கிற ஒரு பழைய ஊர்.

"ஒரு நாள்ல பாத்துட்டு வந்துரலாம்னு சொல்றாங்க" என்றாள்.

எனக்குக் கடைசியில் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் ஓரிடத்தில் வாட்ச்மேன் ஒருவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து பெரிய கதவைத் திறந்து விடுவார். நாலு நொடி வருவார். அது அவளுடைய அண்ணன். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, கூட வேலைசெய்தவரை அவள் கட்டிக்கொண்டதும், "எனக்குத் தங்கச்சியே இல்லை" என்று சொல்லிவிட்டு மட்டாஞ்சேரியை விட்டுப் போனவர். அவள் எங்கள் சந்துக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்தது அது, அதனால் எங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இப்போது மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் பட்டுக் கொடுத்து, மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வராமல் தங்கள் பக்கம் பெண்ணை மேடை ஏற்றுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்கள். அவளும் "இருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டாள். அந்த நாலு நொடிக்காகத்தான் அவள் நாற்பது பேரைக் கோட்டை பார்க்கக் கூப்பிட்டாள். எனக்கு இது ஒன்றும் தெரியாது. ரூம் கூட்டுகிற இடத்தில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து இவளுக்கும் டூரிஸ்ட் ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

முதலில் எனக்கு அந்தக் 'கோட்டை'யிலேயே எரிச்சல். கோட்டை என்றால் ஒரு ராஜா இருக்க வேண்டாமா, ஒரு சண்டை நடந்திருக்க வேண்டாமா? கப்பலேறிப் போய் வியாபாரம் செய்து சம்பாதித்தவர்கள், ஊரில் இருக்கிறவன் வாயைப் பிளக்கட்டும் என்று கட்டிய வீடுகள். பர்மாத் தேக்கில் தூண், எங்கிருந்தோ கண்ணாடி, இன்னும் எங்கிருந்தோ தரைக்கல். கட்டி முடித்துவிட்டு அவர்கள் பேரன்களெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இரண்டு ரூம் ஃபிளாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐம்பது அறை வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, கூட்டிப் பெருக்க ஒரு ஆளையும் கதவு திறக்க ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். இதைப் போய்ப் பார்க்க எங்கள் சந்து ஏன் துடிக்க வேண்டும்? மட்டாஞ்சேரியிலேயே அரண்மனை இருக்கிறது, நூற்றாண்டுக் கணக்கில் பழசான கிடங்குகள் இருக்கின்றன, உலகம் முழுக்க இருந்து ஆள் வந்து எங்கள் இஞ்சி நாற்றத்தைப் போட்டோ எடுத்துப்போகிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் போட்டோவில் குறுக்கே நிற்பதோடு சரி.

ஆனால் வீடியோ வேலை செய்துவிட்டது. தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ரீல்ஸ் எடுக்கலாம் என்று பெண்களுக்கு ஆசை வந்தது. ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கிற சங்கச் செயலாளர், தன்னுடைய அரைகுறை இங்கிலீஷில் 'ஹெரிட்டேஜ்' என்ற வார்த்தையை ஏழெட்டுத் தடவை சொன்னார். தலைவர் பக்கத்து வீட்டுக்காரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அதே, போலாம்" என்று பாதி மலையாளத்தில் ஆமாம் போட்டார்.

"எவ்வளவு தூரம் தலைவரே?" என்று செயலாளர் கேட்டார். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட உருப்படியான ஒரே கேள்வி அதுதான்.

"ஒரு தூக்கம்" என்றார் தலைவர். "வெளுப்பான்காலம், விடியுறதுக்கு முந்தியே கிளம்பினா சாயா குடிக்கிற நேரத்துக்கு ஊர் வந்துரும். குழப்பமில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியாள் யாராவது இருந்திருந்தால் திகைத்திருப்பார். எங்களுக்கு அது பழகிய கணக்கு. எங்கள் சந்தில் தமிழ்நாடு என்பது ஒரு தூக்கம் தூரத்தில் இருக்கிற இடம். சாயங்காலம் எர்ணாகுளத்தில் பஸ் ஏறுவார்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள், கண்டக்டர் தட்டி எழுப்பினால் சொந்த ஊர். மதுரை ஒரு தூக்கம். திருநெல்வேலி ஒரு தூக்கம். திருச்சியும் ஒரு தூக்கம்தான். கோயம்புத்தூர் அரைத் தூக்கம். நடுவில் மலை இருக்கிறது, செக்போஸ்ட் இருக்கிறது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ரோடு இருக்கிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகிறவனுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷம் போய்வந்தாலும் தெரியாது. ஆகவே பகலில் போவதென்றால் அந்தத் தூக்கத்தைக் கழித்துவிட வேண்டும். கழித்தால் மிச்சம் என்ன? பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டோ பிடிக்கிற நேரம்தான். இந்தக் கணக்கை நம்பி நாற்பது பேர் ஒரு டூரிஸ்ட் வண்டியையும் பேசிவிட்டார்கள். இதைவிட மடத்தனம் வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

அடுத்த பத்து நாள் வாட்ஸாப் குரூப்பில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. சேலை நிறம் மயில் கழுத்து என்று முடிவானது. அது பச்சையா நீலமா என்று இரண்டு நாள். காலைச் சாப்பாட்டுக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசோறு, சாயங்காலம் திரும்பி வரும்போது கொறிக்க மரவள்ளிக் கப்பை சிப்ஸ். ஒருவர் தேக்குத் தூணின் படம் போடுவார், இருபது பேர் கைகூப்புவார்கள். தூணுக்கு எதற்கடா கும்பிடு? பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடுவது எனக்குக் கேட்டது. வேலைக்குக் கிளம்பும்போது ஏதோ முனகிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். கோட்டை பார்க்கப் போகிற சந்தோஷத்தைப் பார் என்று எனக்கு அதிலும் ஒரு இளக்காரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பியைக் குடித்துக்கொண்டே போனில் மேப்பைத் திறந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து அந்த ஊருக்குப் போக எட்டு மணி நேரம் என்றது. நிற்காமல் போனால்தான் அதுவும். வாந்தி, மூத்திரம், இட்லி, சண்டை எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து. எனக்கு அப்போது வந்த மகிழ்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கையெழுத்தில்லாத விண்ணப்பம் கையில் கிடைத்த அதே மகிழ்ச்சி, நாற்பது மடங்கு.

மேப்பைப் படமெடுத்து குரூப்பில் போட்டேன். கீழே தமிழில் எழுதினேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் மலையாளத்திலும் எழுதினேன். ஒருவரும் தப்பிவிடக் கூடாது அல்லவா?

'போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம். ஒரு நாளில் கோட்டை பார்க்கிறவர்கள் வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி ஓட்டோ ஓட்டுகிறவர் தூரம் சொன்னால் இப்படித்தான் இருக்கும். இனிமேலாவது கண்ணைத் திறந்துகொண்டு பிரயாணம் செய்யுங்கள்.'

என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "அந்த பெட்டி ஓட்டோ வரி வேணாம்" என்றார். அவருக்கு எப்போதும் பாதி தைரியம்தான். நான் அழிக்கவில்லை.

சாயங்காலமே அவசரக் கூட்டம். தலைவர் வீட்டு மொட்டைமாடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அதுவரை தூணைக் கும்பிட்டவர்கள் எல்லோரும் திடீரென்று மேப் நிபுணர்களாக மாறியிருந்தார்கள். "நான் அன்னைக்கே நினைச்சேன்", "எனக்கு அப்பவே தெரியும்", "பிள்ளைகளை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரமா" என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். தலைவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த சாயா ஆறிப்போகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவமானப்பட்டவர் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி சாயாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "சனிக்கிழமை ராத்திரியே கிளம்பினா காலையில போய்ச் சேந்துரலாம்ல? ஞாயித்துக்கிழமை பாத்துட்டு அப்படியே திரும்பிரலாம்."

நல்ல யோசனைதான். இரண்டு பேர் தலையாட்டவும் ஆரம்பித்தார்கள். நான் விட்டிருக்கலாம். ஆனால் ஜெயித்த இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது.

"உனக்கு எதுக்கு இவ்வளவு அரண்மனை ஆசை?" என்றேன். "வாசல்ல இறங்கி நாலு எட்டு வெச்சா நம்ம அரண்மனை இருக்கு. வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வந்து பாக்குறான். நீ ஒரு நாளாவது உள்ள போயிருக்கியா? இல்ல, அவங்க பாத்ரூம் கழுவுறதுக்கே நேரம் சரியாப் போச்சா?"

மாடி முழுக்கச் சிரித்தது. நான் எல்லோரையும் சிரிக்கவைத்த ஒரே கூட்டம் அதுதான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு காலி டம்ளர்களைச் சேகரிக்க ஆரம்பித்தாள். என் டம்ளரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முடிவில் என் யோசனைப்படி திருப்பூணித்துறை அரண்மனைக்குப் போனார்கள். மெட்ரோவில் ஏறினால் இறங்கிவிடலாம். காலை பத்து மணிக்கே புளிசோற்றைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே மியூசியத்தில் ராஜா கிரீடத்தைப் பார்த்தார்களா இல்லையா என்று ஒருவரைக் கேட்டாலும் பதில் வராது, வெளியே தோட்டத்தில் மானைப் பார்த்ததாகச் சொல்வார்கள். நாற்பது பேரும் மயில் கழுத்துச் சேலை, சட்டையில் படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாற்பது என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். முப்பத்தெட்டுப் பேர்தான். பக்கத்து வீட்டுக்காரியும் மகளும் வரவில்லை. தலைவலி என்று சொன்னாள். கோட்டை கிடைக்காத கோபம் என்று நான் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை. எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு பிரஸ்ஸில் மாதிரிக்கு அடித்துக் கொடுத்தது. அங்கே தமிழ் தெரிந்த ஆள் கிடையாது, எழுத்துக்களை எல்லாம் குதறி வைத்திருந்தார்கள். "சேச்சிக்குத்தான் தமிழ் நல்லா வரும். ஒருக்கா பாத்துத் தாங்க" என்றாள். எங்கள் சந்தில் யாருடைய பத்திரிகையாக இருந்தாலும் என் கைக்கு வந்துதான் போகும். அதில் எனக்குப் பெருமை உண்டு. சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'திருவளர்செல்வி'யின் நடுவில் வேண்டாத ஒரு ச். முகூர்த்தத்தில் 'கூ' குறிலாகிக் கிடந்தது. திருத்திக்கொண்டே வந்தவள் கீழே ஓரிடத்தில் நின்றேன். தாய்மாமன் என்று போட்டு அதற்கு எதிரில் வெறும் வெள்ளையாக இருந்தது.

"இங்க பேரு விட்டுப்போச்சே" என்றேன்.

"அந்த வரியையே எடுத்துரலாமான்னு கேக்கத்தான் வந்தேன் சேச்சி" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். அழாமல், யாரோ ஒருத்தியின் கதை மாதிரி சொன்னாள். அண்ணன் போனது, நாலு நொடி வீடியோ, சாவிக்கொத்து, பொள்ளாச்சிக்காரர்கள் கேட்டது, தான் வாய்தவறி ஒப்புக்கொண்டது. எனக்குப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை. எனக்குப் பேச வந்ததெல்லாம் ஒரு கிளார்க்கின் பேச்சுதான்.

"நாளைக்கே பஸ் ஏறுவோம். நான் கூட வர்றேன். லீவு எழுதிக் கொடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம் சேச்சி."

"ஏன்?"

"தனியாப் போய் நின்னா, தேடி வந்திருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோகும். கதவைச் சாத்திருவாரு. அவரு அப்படிப்பட்ட ஆளுதான். நாப்பது பேரோட போனா ஊர் பாக்க வந்தவ. டிக்கெட் எடுத்தவங்களை எந்த வாட்ச்மேனும் விரட்ட முடியாதில்லையா? வீட்டைச் சுத்திக் காட்டித்தானே ஆகணும். சுத்திக் காட்டி முடிக்கிறதுக்குள்ள மகளை ஒரு தடவை பாத்திருப்பாரு. எங்க அம்மா சாயல் அவளுக்கு. பாத்துட்டா விட மாட்டாரு."

என்னைக் குறை சொல்லி ஒரு சொல் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க போட்ட மேப் சரிதானே சேச்சி, தப்பொண்ணும் இல்லையே" என்றாள். அவள் அதை ஆறுதலுக்குத்தான் சொன்னாள் என்பதுதான் கொடுமை.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் நேராகத் தலைவரைத் தேடிப் போனேன். மண்டி வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படியாவது மறுபடி டூரை ஏற்பாடு செய்யுங்கள், தையில் கல்யாணம், பொங்கலுக்கு முன்னால் போயாக வேண்டும் என்றேன். காரணம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும்மா. அந்தப் புள்ள கூட்டத்துக்கு முந்தியே வந்து சொல்லிருச்சு."

"அப்ப தூரம்? அது தெரியாமயா ஒரு நாள்னு சொன்னீங்க?"

அவர் துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டார். "இருபது வருஷம் அரிசி லாரி ஓட்டினேன். காரைக்குடிப் பக்கம் ஒரு மில்லுலருந்து இந்த மண்டிக்கு லோடு. குமுளி ஏறி இறங்குற ரோட்டுல எத்தன வளைவுன்னு கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். எட்டு மணி நேரம்னு முதல்லயே சொல்லியிருந்தா நம்ம ஆளுங்க ஒருத்தன் வருவானா? வண்டில ஏத்திட்டா அப்பறம் இறங்கவா போறான். நாலு வசவு வாங்கியிருப்பேன், அவ்வளவுதானே."

அவர் தொடர்ந்தார். அண்ணன் வாட்ச்மேனாக இருக்கிற அந்தக் கோட்டை வீட்டு ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார். முதல் தடவை மட்டாஞ்சேரி என்றதுமே எடுத்த குரல் போனை வைத்துவிட்டது. இரண்டாவது தடவை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று அதே குரல் சொல்லியிருக்கிறது. "இனி யாரு வருவா?" என்றார். "எல்லாரும் மேப்பைப் பாத்துட்டாங்கல்ல." அதைக்கூட அவர் குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இருந்தும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். என் வாழ்நாளில் யாரிடமும் தயவாகப் பேசாதவள், பதினைந்து வீட்டு வாசலிலும் நின்று கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல முடியாது, சொன்னால் அவள் மானம் போகும். காரணம் சொல்லாமல் கேட்டால் எவர் வருவார்? செயலாளர், "எட்டு மணி நேரம் சேச்சி, நீங்கதான போட்டீங்க" என்றார். இன்னொரு வீட்டில், கோட்டை ஆசை இப்போது உங்களுக்கும் வந்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் கற்றுக்கொடுத்த சிரிப்பு, தப்பில்லாமல் சிரித்தார்கள். நாலு பேர்தான் தேறினார்கள். நாலு பேரோடு போனால் அது கூட்டமாகாது என்று அவள் வேண்டாமென்றுவிட்டாள். பத்திரிகையில் தாய்மாமன் வரியை நானே சிவப்புப் பேனாவால் அடித்து நீக்கிக் கொடுத்தேன். பிரஸ்காரர் அப்படியே அச்சடித்தார்.

தை மாசம் தோப்பும்படியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமனைக் கூப்பிடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். அப்போது தலைவர் உள்ளே வந்தார். தலையில் உருமால் தலைப்பாகை, கையில் தாம்பாளம். பட்டும் மாலையும் தேங்காயும் பழமும் வைத்து முறையாக எடுத்து வந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மாலையை எடுத்துப் பெண்ணின் கழுத்தில் போட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்தார். எங்கள் சந்து முழுக்க எழுந்து நின்றது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. இவர்களுக்கு வாயை மூடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருந்தார். காதில் பெரிய கம்மல், கண்ணில் என்னுடைய பார்வை. ஒரு பிழையும் தப்பாத பார்வை. பத்திரிகையை மடியிலிருந்து எடுத்து விரித்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"ஏனுங்க, இதுல தாய்மாமன் பேரையே காணோமுங்களே" என்றார். "இவரு கூடப் பொறந்தவருங்களா, இல்ல சும்மா முறைக்கு நிக்கறவருங்களா?"

"கூடப் பொறந்தவர்தாங்க" என்றேன். "பேரு இல்லாமப் போனது என் தப்பு. பத்திரிகையைத் திருத்தினது நான்தான்."